பூர்வகுடிகளின் வீட்டை ஒரு கட்டடக்கலைப் பேராசிரியர் எதற்காகப் படிக்க வேண்டும்?

கேள்வி இதுதான்: "ஆஸ்திரேலியாவில் சில கட்டடக்கலைப் பேராசிரியர்கள் சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு, பூர்வகுடி வடிவமைப்பு என்று இரண்டையும் சேர்த்து ஆராய்கிறார்கள். அவர்கள் உண்மையில் செய்யும் வேலை என்ன? பழைய குடிசைகளை அளந்து வரைந்து வைப்பதா? இன்றைக்குக் கட்டும் வீட்டுக்கு அதிலிருந்து ஏதாவது கிடைக்குமா?"

நிறையவே கிடைக்கும். ஆனால் கிடைப்பது கூரையின் வளைவோ சுவரின் நிறமோ அல்ல. ஒரு வீட்டில் யார் கண்ணில் யார் படலாம், யார் எந்தப் பக்கம் படுப்பார்கள், குழாய் உடைந்தால் யார் வந்து சரிசெய்வார்கள், காட்டுப் புல்லை எடுத்து ஒரு பொருள் செய்தால் அந்தப் பணம் யாருக்குப் போகும் என்ற மாதிரியான விஷயங்கள்தான் கிடைக்கும். பொதுவாகச் சொன்னால் இது பிடிபடாது. ஒருவருடைய வேலையைத் தொடர்ந்து பார்த்தால் பிடிபடும். நான் எடுத்துக்கொள்வது குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் பால் மெமட். கட்டடக்கலை படித்தவர், மானுடவியலாளரும்கூட. அங்கே பூர்வகுடிச் சூழல் ஆய்வு மையத்தை நீண்ட காலம் நடத்தியவர்.

1970-களில் அவர் வட ஆஸ்திரேலியாவின் கார்பென்டேரியா வளைகுடாவில் உள்ள மார்னிங்டன் தீவுக்குப் போனார். அது லார்டில் மக்களின் தீவு. கட்டடக்கலை படித்த ஒருவர் அங்கே போனால் கட்டடங்களைத் தேடுவார் என்றுதான் நாம் நினைப்போம். அவருடைய முனைவர் ஆய்வோ, 'இடம்' என்பது லார்டில் மக்களுக்கு என்ன பொருள் தருகிறது என்பதைப் பற்றியது. ஒரு கடற்கரைத் திட்டுக்குப் பெயர் உண்டு, கதை உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உள்ள மனிதர்கள் உண்டு. அங்கே சுவர் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் அது வெற்றிடம் அல்ல. இதைத் தமிழில் படிப்பவர்களுக்கு விளக்குவது கொஞ்சம் சுலபம். நிலம், பொழுது, அங்கே வாழும் உயிர்கள், தெய்வம், மனிதர்களின் உறவு எல்லாவற்றையும் ஒரே முடிச்சில் வைத்துப் பார்க்கும் திணை என்ற எண்ணம் நமக்குப் பழக்கமானது. பூர்வகுடிகள் ஆங்கிலத்தில் 'கன்ட்ரி' என்று சொல்லும்போது அவர்கள் மனதில் இருப்பதும் கிட்டத்தட்ட அப்படிப்பட்ட ஒரு முடிச்சு. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் 'மனை' என்று மட்டும் நினைத்துக்கொண்டு போனால் முதல் நாளே வழி தவறிவிடும்.

இதை ஏன் ஒரு கட்டடக்கலை ஆள் படிக்க வேண்டியிருந்தது என்பதற்கு ஒரு பழைய காயம் காரணம். 1688-இல் ஆஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் இறங்கிய வில்லியம் டாம்பியர், இங்கே உள்ளவர்களுக்கு வீடே இல்லை, திறந்த வெளியில் படுக்கிறார்கள் என்று எழுதிவைத்தார். வீடு இல்லை என்பது மெல்ல மெல்ல உடைமை இல்லை, உரிமை இல்லை என்று ஆனது. நிலம் யாருக்கும் சொந்தமில்லை என்ற அந்தச் சட்டக் கற்பனையை ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் தள்ளிவைக்க 1992 வரை, மாபோ தீர்ப்பு வரை, ஆயிற்று. அதன் பிறகு நில உரிமை வழக்குகளில் ஒரு குடியினருக்கும் ஓர் இடத்துக்கும் உள்ள உறவைச் சான்றோடு காட்ட வேண்டிய நிலை வந்தது. மார்னிங்டன் தீவைச் சுற்றியுள்ள கடலுக்கான வழக்கு உட்பட, அப்படிப்பட்ட வழக்குகளில் மெமட் நிபுணராக இருந்திருக்கிறார். ஒரு கட்டடக்கலை ஆய்வு நீதிமன்றத்தில் போய் நிற்கிறது என்றால் அது வெறும் குடிசைப் படங்களின் தொகுப்பாக இருக்க முடியாது.

2007-இல் அவர் ஆஸ்திரேலியப் பூர்வகுடிகளின் கட்டடக்கலை பற்றிப் பெரிய நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் விரியும் வகைகளைப் பார்த்தால் டாம்பியர் சொன்னது எவ்வளவு பிழை என்று தெரியும். குயின்ஸ்லாந்தின் மழைக்காட்டில், வளைத்த கொம்புகளின் மேல் ஓலையும் புல்லும் மரப்பட்டையும் வேய்ந்த கவிகை வீடுகள் இருந்தன. மழைக்காலம் முழுக்க அவற்றிலேயே தங்கியிருப்பார்கள். வட ஆஸ்திரேலியாவின் ஆர்னம் லேண்டில் தரையிலிருந்து உயர்த்திய பரணில் படுத்து, கொசு வராமல் இருக்கக் கீழே புகை போடுவார்கள். மத்தியப் பாலைவனத்தில், மழையில்லாத இரவுக்குக் கிளைகளால் ஆன இடுப்பளவு காற்றுத்தடுப்பும், படுப்பவர்களுக்கு நடுவில் சின்னச் சின்ன நெருப்பும் போதும். விக்டோரியா மாநிலத்தின் தென்மேற்கில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கல்லால் வட்டச் சுவர் எழுப்பி வீடு கட்டினார்கள். பக்கத்திலேயே விலாங்கு மீன் பிடிக்கவும் வளர்க்கவும் கல்லால் அமைத்த கால்வாய்கள் இருந்தன; அவற்றில் மிகப் பழையவை சுமார் 6,600 ஆண்டுப் பழமை உடையவை. புட்ஜ் பிம் என்ற அந்த இடத்தை யுனெஸ்கோ 2019-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். ஒரே குடும்பம் வெயிலுக்கு ஒன்று, மழைக்கு ஒன்று, காற்றுக்கு ஒன்று, பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று வெவ்வேறு கட்டுமானங்களைப் பயன்படுத்தும். வீட்டைக் காலநிலைக்கு ஏற்ப இயந்திரத்தால் மாற்றுவதற்குப் பதிலாக, காலநிலைக்கு ஏற்ற இடத்துக்கு மனிதர்கள் நகர்ந்துகொள்கிறார்கள். இன்றைய பசுமைக் கட்டடப் பாடங்களில் இதைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார்கள் என்பது என் வருத்தம்.

அடுத்தது உறவு. இதுதான் எனக்கு இந்தத் துறையிலேயே மிக முக்கியமான பகுதி. அப்பாவின் அண்ணன் தம்பியைப் பெரியப்பா, சித்தப்பா என்று அப்பாவாகவே கருதும் முறை நமக்குப் புதிதல்ல. பூர்வகுடிச் சமூகங்கள் பலவற்றிலும் அப்படித்தான், இன்னும் விரிவாகவே. அதோடு விலகல் முறைகளும் உண்டு. மருமகனும் மாமியாரும் நேருக்கு நேர் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஒரே சிறிய இடத்தில் இருக்கக் கூடாது. வளர்ந்து பெரியவர்களான அண்ணன் தங்கைக்கும் பல இடங்களில் அதுபோன்ற விலகல் உண்டு. இது மரியாதையின் வெளிப்பாடு, பகை அல்ல. திறந்த முகாமில் இது எளிது. ஒருவர் வருவது தூரத்திலேயே தெரியும், மற்றவர் நகர்ந்துவிடுவார். மத்தியப் பாலைவனத்தில் வாழும் வார்ல்பிரி மக்களின் முகாமில் மணமானவர்களுக்கு ஒரு பகுதி, மணமாகாத ஆண்களுக்கு ஒன்று, கணவன் இல்லாத பெண்களுக்கு 'ஜிலிமி' என்று ஒன்று தனித்தனியாக இருந்தன. வெளியூர்க்காரர்கள் வந்தால் முகாமில் தங்கள் சொந்த நிலம் இருக்கும் திசைப் பக்கமாகத் தங்குவார்கள்.

இப்போது அந்த மக்களை ஒரு நகர வீட்டுக்குள் வையுங்கள். ஒரே நடை, ஒரே கழிப்பறை, ஒரே வாசல், சின்ன ஜன்னல். மாமியார் நடையில் வந்தால் மருமகன் எங்கே போவார்? யார் வருகிறார்கள் என்று உள்ளிருந்து பார்க்க முடியாது. வெளியே போக இரண்டாவது வழியும் இல்லை. 1950, 60-களில் வடக்குப் பிரதேசத்தில் அரசு 'கிங்ஸ்ட்ராண்ட்' என்ற அலுமினியக் குடில்களைக் கொண்டுவந்து நட்டது. ஓர் அறை, வெப்பத்தடுப்பு கிடையாது. பூர்வகுடிகள் படிப்படியாக ஐரோப்பிய வாழ்க்கைக்கு 'முன்னேற' அது முதல் படி என்று அதிகாரிகள் கருதினார்கள். பாலைவன வெயிலில் அந்தத் தகரத்துக்குள் யாரும் இருக்க முடியவில்லை. மக்கள் சாமான்களை உள்ளே வைத்துவிட்டு வெளியே படுத்தார்கள். அதைப் பார்த்து, இவர்களுக்கு வீட்டில் வாழத் தெரியவில்லை என்று அதிகாரிகள் முடிவு கட்டினார்கள். வீட்டின் குறை மனிதர்களின் குறையாக எழுதப்பட்டது. இந்த ஒரு புரட்டலைத் திருத்தவே ஒரு வாழ்நாள் ஆய்வு தேவைப்பட்டது என்றால் மிகையில்லை.

நெரிசல் பற்றி மெமட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் சொன்னதும் இதோடு சேர்ந்தது. அரசு நெரிசலை அளப்பது ஒரு படுக்கையறைக்கு எத்தனை பேர் என்ற கணக்கால். அதற்கு ஆஸ்திரேலியா பயன்படுத்துவது கனடாவில் உருவான ஓர் அளவுகோல். ஆனால் ஒருவர் நெரிசலாக உணர்வது தலை எண்ணிக்கையால் மட்டும் அல்ல. சரியான உறவினர் சரியான இடத்தில் படுத்திருந்தால் பன்னிரண்டு பேர் இருக்கும் வீட்டிலும் நிம்மதி இருக்கலாம். விலகி இருக்க வேண்டியவர்கள் இருவர் மாட்டிக்கொண்டால் நான்கு பேருக்கே மூச்சு முட்டும். விருந்தினர் வந்தால் போகச் சொல்ல முடியாது என்பதும் அவர்களின் கடமை. அதனால் அகலமான தாழ்வாரம், வெளியே சமைக்கும் இடம், இரண்டாவது கழிப்பறை, இரண்டு பக்கமும் திறக்கும் கதவுகள் ஆகியவற்றைக் கூடுதல் வசதி என்று தள்ளிவிட முடியாது. வீட்டின் அடிப்படையே அவைதான். இறப்பு நேர்ந்த வீட்டை உறவினர்கள் கொஞ்ச காலம் விட்டுவிட்டு, புகை போட்டுத் தூய்மை செய்த பிறகே திரும்புவார்கள் என்பதையும் வீட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் 'கைவிடப்பட்ட வீடு' என்று பதிவேட்டில் ஏறிவிடும்.

சரி, பண்பாட்டை மட்டும் பார்த்தால் போதுமா? போதாது. பூர்வகுடி வீட்டு வடிவமைப்பில் மூன்று போக்குகள் இருப்பதாக மெமட் பிரித்துக் காட்டினார்: பண்பாட்டிலிருந்து தொடங்குவது, உடல்நலத்திலிருந்து தொடங்குவது, வீடு கட்டும் செயலையே மக்கள் கையில் கொடுப்பது. மூன்றும் ஒன்றுக்கொன்று போட்டி இல்லை என்பது என் கருத்து. ஆனால் இரண்டாவதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் தெளிவான எண்கள் இருக்கின்றன.

1985-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் வடமேற்கில், பிட்ஜன்ட்ஜாட்ஜாரா நிலங்களில், நங்கானம்பா சுகாதார மன்றத்தின் இயக்குநராக யாமி லெஸ்டர் இருந்தார். மருத்துவமனைக்குப் பணம் வருகிறது, ஆனால் மக்கள் நோயில் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். நோயே வராமல் செய்ய வழி சொல்லுங்கள் என்பது அவர் கேட்டதன் சாரம். கட்டடக்கலைஞர் பால் ஃபொலெரோஸ், மருத்துவர் பால் டோர்சிலோ, சுகாதார அலுவலர் ஸ்டெஃபான் ரைனோ மூவரும் சேர்ந்து ஒன்பது தேவைகளைப் பட்டியலிட்டார்கள். முதலாவது, ஒரு குழந்தையை நாளுக்கு ஒரு முறை குளிப்பாட்ட முடிய வேண்டும். பிறகு துணி துவைப்பது, கழிவுநீர் போவது, உணவு சமைத்து வைப்பது, நெரிசல், நாய், தூசி, வெப்பம், அடிபடுவது என்று போகும். அவர்கள் வகுத்த ஒரு விதி எனக்கு மிகவும் பிடிக்கும்: சரிசெய்யாமல் கணக்கெடுக்கக் கூடாது. வீட்டுக்குள் போய்க் குறிப்பெடுக்கும் அதே நாளில் எலக்ட்ரீஷியனும் பிளம்பரும் வேலையைத் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஊர் ஆட்களே பயிற்சி பெற்று அந்தக் கணக்கெடுப்பைச் செய்தார்கள்.

பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான வீடுகளைப் பார்த்த பிறகு வந்த முடிவு இது. பழுதுகளில் சுமார் 70 சதவீதம் பராமரிப்பு இல்லாததால். சுமார் 20 சதவீதம் முதலிலேயே தவறாகக் கட்டியதால். குடியிருப்பவர்கள் உடைத்தது 10 சதவீதத்துக்கும் கீழ். 'அவர்களே உடைத்துவிடுகிறார்கள்' என்று ஆண்டாண்டாகச் சொல்லிவந்த பேச்சுக்கு இதுதான் பதில். நியூ சவுத் வேல்ஸ் சுகாதாரத் துறை பத்தாண்டுப் பணியை மதிப்பிட்டு 2010-இல் வெளியிட்ட அறிக்கையில், இப்படிச் சரிசெய்யப்பட்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள் தொற்றுநோய்க்காக மருத்துவமனையில் சேர்வது, சரிசெய்யப்படாத இடங்களில் வாழ்ந்தவர்களைவிட 40 சதவீதம் குறைவு என்று தெரிந்தது. குழாயும் வடிகாலும் சுடுநீரும் செய்த வேலை அது.

அழகான கட்டடம் எதுவும் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. ஆஸ்திரேலியக் கட்டடக்கலைஞர் க்ளென் மர்கட் 1994-இல் கிழக்கு ஆர்னம் லேண்டின் யிர்காலாவில் யொல்ங்கு ஓவியர் பாண்டுக் மரிகாவின் குடும்பத்துக்குக் கட்டிய வீடு. கண்ணாடியே கிடையாது. தரையிலிருந்து உயர்ந்து நிற்கிறது, பலகைச் சுவர்களைத் தூக்கினால் வீடு முழுக்கத் தாழ்வாரம் ஆகிவிடும். அடிவானமும் வருகிறவர்களும் உள்ளிருந்து தெரியும், பக்கவாட்டில் நீண்ட தடுப்புகள் வெயிலையும் பார்வையையும் மறைக்கும். புயலில் காற்றழுத்தத்தைச் சமன் செய்யக் கூரையில் குழாய்கள் உண்டு. மிக நல்ல வீடு. ஆனால் அதன் மாதிரியில் ஊர் ஊராக வீடுகள் எழவில்லை. ஒரு சிறந்த வீட்டைக் கட்டுவதும் ஆயிரம் வீடுகளின் குழாயைச் சரியாக வைப்பதும் இரண்டு வேறு வேலைகள். படிக்கும் மாணவர்கள் முதலாவதை மட்டும் சுவரில் ஒட்டிவைக்கிறார்கள்.

இப்போது புல்லுக்கு வருகிறேன், சூழலுக்கு இசைந்த வடிவமைப்பு என்ற பாதி இங்கேதான் நன்றாகத் தெரியும். ஸ்பினிஃபெக்ஸ் என்பது ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் பெரும்பரப்பில் குத்துக்குத்தாக வளரும் முள் போன்ற புல். அதைக் கூரைக்கும் சுவருக்கும் வேய்ந்தார்கள். சில வகைகளில் பிசின் உண்டு. புல்லை அடித்துப் புடைத்துத் தூளை எடுத்து நெருப்பில் காட்டினால் இளகும், ஆறினால் கல்போல இறுகும். கல் கத்தியை மரப்பிடியில் ஒட்டவைத்தது அந்தப் பிசின்தான். இதை நவீனக் கட்டடப் பொருளாக்க முடியுமா என்று பார்க்கும் ஆய்வை மெமட் குழு, வடமேற்கு குயின்ஸ்லாந்தின் கமுவீல் ஊரில் இன்ஜலன்ஜி-திதானு மக்களோடும் அவர்களின் தலைவர் காலின் சால்ட்மியரோடும் சேர்ந்து தொடங்கியது. எந்தக் குத்து முற்றியது, எப்போது எரித்துப் புதுப்பிக்க வேண்டும், எவ்வளவு எடுத்தால் மறுபடி முளைக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்தது. சால்ட்மியர் அதே பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பள்ளியில் மதிப்புறு கல்விப் பொறுப்பும் பெற்றார்.

புல்லை ஆராய்ந்த பொறியியல் குழு, டேரன் மார்ட்டின் தலைமையில், எதிர்பாராத ஒன்றைக் கண்டது. அதன் நார்களை மிக மெல்லிய, மிக நீண்ட நானோ இழைகளாகப் பிரிக்க மற்றத் தாவரங்களைவிடக் குறைந்த ஆற்றலே போதும். அந்த இழையை ரப்பர் பாலில் சிறிது கலந்தால் ரப்பர் மெல்லியதாகவும் உறுதியாகவும் ஆகிறது. 2016-இல் உலகச் செய்திகளில் இது ஆணுறைச் செய்தியாக ஓடியது. நான் பெரிதாக நினைப்பது அதைவிட வேறொன்றை. பல்கலைக்கழகமும் இன்ஜலன்ஜி-திதானு மக்களின் டுகலுன்ஜி பூர்வகுடி நிறுவனமும் ஒப்பந்தம் போட்டன. அந்த அறிவு அந்த மக்களுடையது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள், வணிகமானால் அவர்களுக்குத் தொடர்ந்து பங்கு உண்டு என்றும் எழுதினார்கள். அறிவை எடுத்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போகும் பழைய வழக்கத்துக்கு எதிராக இது நிற்கிறது. ஒரு பொருள் மக்கும், மறுபடி முளைக்கும் என்பதால் மட்டும் அது சூழலுக்கு இசைந்தது ஆகிவிடாது. அதைக் காப்பாற்றி வைத்திருக்கும் மக்கள் அங்கே பிழைக்க முடிய வேண்டும்.

மெமட் பூர்வகுடி அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் துறை இன்று மெல்லக் கைமாறி வருகிறது. அவரோடு வேலை செய்த கேரல் கோ-சாம் டிர்பல் மக்களைச் சேர்ந்த ஆய்வாளர். யுகம்பே வழிவந்த டில்லன் கொம்புமெரி, நியூ சவுத் வேல்ஸ் அரசுக் கட்டடக்கலைஞர் அலுவலகத்தில், எந்தத் திட்டமும் நிலத்திலிருந்தும் அதன் மக்களிடமிருந்தும் தொடங்க வேண்டும் என்ற வழிமுறையை உருவாக்கியவர்களில் ஒருவர். 2021-இல் ஆஸ்திரேலியக் கட்டடக்கலைஞர்களுக்கான தேசியத் தகுதி அளவுகோலிலேயே 'கன்ட்ரி' பற்றிய அறிவு சேர்க்கப்பட்டது. இனி அது விருப்பப் பாடம் இல்லை.

கடைசியாக, இன்றைய வீட்டுக்கு என்ன கிடைக்கும் என்ற உங்கள் கேள்வி. வடக்குப் பிரதேசத்தின் தொலைதூர ஊர்களில் மின்சாரம் ப்ரீபெய்ட் மீட்டரில் வருகிறது. காசு தீர்ந்தால் கரண்ட் போய்விடும். 28 ஊர்களில் சுமார் 3,300 வீடுகளை ஆராய்ந்ததில், 2018-19 நிதியாண்டில் 91 சதவீத வீடுகளில் ஒரு முறையாவது மின்சாரம் துண்டானது. மிகக் கடுமையான வெயில், குளிர் நாட்களில் துண்டிப்பு இன்னும் அதிகம். ஏசி இல்லாமல் இருக்கவே முடியாத கான்கிரீட் பெட்டியில் இது நடக்கிறது. இன்சுலின் வைத்த ஃப்ரிட்ஜும் அதோடு நிற்கும்.

அதே பிரதேசத்தின் டெனன்ட் க்ரீக் ஊரில் வாருமுங்கு மக்களின் மூத்தவரான நார்மன் ஃப்ராங்க் ஜுப்புருலா, ப்ரீபெய்ட் மீட்டர் உள்ள தன் அரசு வாடகை வீட்டின் கூரையில் சோலார் தகடு போடப் பல தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. 2021-இல் அது வேலை செய்யத் தொடங்கியது. அப்புறம் மருத்துவர் சைமன் குயில்டியோடு சேர்ந்து வில்யா ஜன்டா என்ற அமைப்பைத் தொடங்கினார். வெப்பத்தைத் தாங்குகிற, உறவு முறைக்கு இடம் விடுகிற வீட்டை அந்த ஊர் மக்களே கட்டடக்கலைஞர்களோடு உட்கார்ந்து வரைகிறார்கள்: அகலமான தாழ்வாரம், வெளியே சமையல், ஆண்களும் பெண்களும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் போய்வர வழி, கூரையில் சோலார்.